அச்சிட்டு, வெட்டி, விளையாடும் கேம் உருவாக்குபவர்களுக்கு: அடிக்கடி வரும் கேள்விகள்

போர்டு கேம் உருவாக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்கள், ஆசிரியர்கள், வேலை முடிந்து வந்து இரவில் கார்டு வரைந்துகொண்டிருக்கும் நண்பர்கள் எனப் பலரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை.

பிரின்ட் அண்ட் ப்ளேன்னா என்ன? ஒரு பிடிஎஃப் போட்டுட்டா போதுமா?

விளையாடுபவரே தன் வீட்டிலோ ஜெராக்ஸ் கடையிலோ அச்சிட்டு, வெட்டி, தேவைப்பட்டால் ஒட்டி விளையாடும் கேம் இது. பெட்டி கிடையாது, கிடங்கு கிடையாது, கூரியர் செலவு கிடையாது. நீங்கள் இன்று முடித்த கேமை வேறொரு கண்டத்தில் இருப்பவர் இன்றே விளையாடிப் பார்த்துவிடலாம். புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது என்று நம்புகிறேன்.

ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வரும் கேமில் தொழிற்சாலை செய்கிற வேலையை இங்கே விளையாடுபவர் செய்கிறார். இங்க் அவருடையது, தாள் அவருடையது, ஞாயிற்றுக்கிழமை மாலையும் அவருடையது. ரூல்புக்கின் முதல் வரியைப் படிக்கும் முன்பே உங்கள் கேமுக்காக அவர் செலவு செய்துவிட்டார். அவர் வெட்டும் ஒவ்வொரு துண்டும் அந்த உழைப்புக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும். கீழே வரும் யோசனைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து பிறந்தவைதான்.

முதல் கேமே பெரிசா, 120 கார்டு, மேப் எல்லாம் வெச்சுப் பண்ணலாம்னு இருக்கேன். சரியா வருமா?

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒரு ஏ4 தாளில் 9 கார்டு அடங்கும். கார்டுகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி அடுக்கியிருந்தால் முதலில் நீளவாக்கில் 4 வெட்டு, கிடைக்கும் 3 பட்டைகளுக்கும் தலா 4 வெட்டு, ஆக ஒரு தாளுக்கு 16. கார்டுகளுக்கு நடுவில் இடைவெளி விட்டிருந்தால் இதுவே 24 ஆகிவிடும். 120 கார்டுக்கு 14 தாள். இருநூறு முறைக்கு மேல் கத்தரிக்கோல் ஓட வேண்டும். அதுவும் பெயர் தெரியாத ஒருவரின் முதல் கேமுக்கு. பெரும்பாலானோர் கோப்பை இறக்கி வைத்துக்கொள்வார்கள், வெட்ட மாட்டார்கள்.

9 கார்டில் அல்லது 18 கார்டில் தொடங்குங்கள். ஒரு தாள் அல்லது இரண்டு தாள். அமெரிக்காவின் பட்டன் ஷை நிறுவனம் 18 கார்டுக்குள் அடங்கும் கேம்களையே தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டது. சின்ன பர்ஸில் வைத்து விற்கிறார்கள், அச்சிட்டுக்கொள்ளும் கோப்பாகவும் விற்கிறார்கள். 2012-இல் வந்த ‘லவ் லெட்டர்’ 16 கார்டுதான். உலகம் முழுக்க விளையாடினார்கள்.

ஒன்பது கார்டுல என்ன ஆழம் வந்துடப் போகுது?

வரும். ஒவ்வொரு கார்டையும் இரண்டு வேலை பார்க்க வையுங்கள். 2018-இல் வந்த ‘ஸ்ப்ராலோபோலிஸ்’ கேமில் 18 கார்டுகள். ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தில் நகரத்தின் ஒரு துண்டு, மறுபக்கத்தில் மதிப்பெண் பெறும் நிபந்தனை. ஒவ்வொரு ஆட்டத்திலும் 3 கார்டைத் திருப்பி நிபந்தனைகளாக வைத்துக்கொண்டு, மீதி 15-ஐக் கொண்டு நகரம் கட்ட வேண்டும். 18-இலிருந்து 3 தேர்வு செய்ய 816 வழிகள் இருக்கின்றன. இரண்டு தாளில் 816 விதமான ஆட்டம்!

இன்னொரு உதாரணம், செக் நாட்டின் தோமாஷ் ஊலிர்ஷ் உருவாக்கிய ‘அண்டர் ஃபாலிங் ஸ்கைஸ்’. போர்டுகேம்கீக் தளத்தில் 2019-இல் நடந்த ஒன்பது கார்டு கேம் போட்டிக்காக உருவானது. வேற்றுகிரகக் கப்பல்கள் நகரத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் பகடையை உங்கள் தளத்தின் ஓர் அறையில் வைக்கிறீர்கள். பெரிய எண் என்றால் அந்த அறையின் பலன் பெரிதாகக் கிடைக்கும். ஆனால் அதே எண்ணிக்கை அளவுக்கு அந்த வரிசையில் இருக்கும் கப்பலும் கீழே இறங்கும். ஒரே எண் உங்களுக்கும் வேலை பார்க்கிறது, எதிரிக்கும் வேலை பார்க்கிறது. 6 விழுந்தால் மகிழ்வதா பயப்படுவதா என்று தெரியாமல் கையில் பகடையோடு உட்கார்ந்திருப்பீர்கள். புதிய கார்டு எதுவும் சேர்க்காமல் கிடைத்த ஆழம் அது. உங்கள் கேமில் ஏதாவது குறைகிறது என்று தோன்றினால் கார்டு சேர்க்கும் முன் இருக்கும் கார்டுக்கு இரண்டாவது வேலை கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

கார்டே இல்லாம, வெட்டவே வேண்டாத மாதிரி பண்ண முடியுமா?

தாராளமாக. பகடை உருட்டித் தாளில் குறித்துக்கொண்டே போகும் கேம்கள் இதற்கென்றே பிறந்தவை. 1956-இல் விற்பனைக்கு வந்த ‘யாட்ஸி’ இதன் மூத்த உறவினர். 2012-இல் ‘க்விக்ஸ்’, 2018-இல் ‘கான்ஸ் ஷோன் க்ளெவர்’ என்று ஜெர்மனியிலிருந்து வந்தவை இந்த வகையை மறுபடி பெரிதாக்கின. ஒரு தாள், ஒரு பேனா, சில பகடைகள். 2020 ஊரடங்கில் இந்த வகைக் கேம்களைப் பல பதிப்பகங்கள் கோப்பாகவே வெளியிட்டதற்குக் காரணம் இந்த எளிமைதான்.

முதல் கேமுக்கு நான் பரிந்துரைக்கும் வகை இதுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுத் தாள் தேவைப்படாமல் இருக்க ஒரு பிரதியை லேமினேட் செய்து ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி அழிக்கலாம் என்று ரூல்புக்கில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

டைஸ், காய், காயின் இதெல்லாம் பிரின்ட் பண்ண முடியாதே?

பண்ண வேண்டாம். வீட்டில் இருப்பதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஜேம்ஸ் எர்னஸ்ட் 1996-இல் தொடங்கிய சீப்ஆஸ் கேம்ஸ் இந்த எண்ணத்தில்தான் நின்றது. பகடையும் காயும் விளையாட்டுப் பணமும் எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கின்றன, அதற்கு ஏன் மறுபடி காசு வாங்க வேண்டும் என்று அவற்றை நீக்கிவிட்டுக் குறைந்த விலைக்கு விற்றார்கள். நம் வீடுகளில் புளியங்கொட்டை, சோழி, பட்டன், சில்லறை எது வேண்டுமானாலும் காயாகும். ஒரு நிபந்தனை: முதல் பக்கத்திலேயே “6 பக்கப் பகடை 5, இரண்டு நிறத்தில் தலா 8 காய்கள்” என்று எண்ணிக்கையோடு சொல்லிவிடுங்கள். எல்லாம் வெட்டி முடித்த பிறகு பத்துப் பக்கப் பகடை வேண்டும் என்று தெரியவந்தால் யாருக்கும் எரிச்சல் வரும்.

கார்டு சைஸ் என்ன வைக்கிறது? ஏ4-ல பண்ணதை அமெரிக்காவுல இருக்கிறவங்க பிரின்ட் எடுத்தா கார்டு சின்னதா வருதாமே?

63×88 மி.மீ. வையுங்கள். கார்டைச் செருகி வைக்க உலகெங்கும் கிடைக்கும் ப்ளாஸ்டிக் உறைகள் இந்த அளவுக்கு இருக்கின்றன. ஒன்பது கார்டு சேர்ந்தால் 189×264 மி.மீ. ஏ4 தாள் 210×297. அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்கும் லெட்டர் தாள் 216×279, அதாவது அகலம் கொஞ்சம் கூட, உயரம் குறைவு. 189×264 இரண்டிலும் அடங்கிவிடும். ஏ4-இன் உயரம் முழுவதையும் பயன்படுத்திவிட்டீர்கள் என்றால்தான் வம்பு. அங்கே பிரின்டர் தானாகவே சுருக்கிவிடும், 88 மி.மீ. கார்டு 83 ஆகிவிடும்.

இதே சுருக்கம் நம் ஊர் ஜெராக்ஸ் கடையிலும் நடக்கும். கடைக்காரர் பக்கத்துக்குப் பொருத்து என்ற அமைப்பிலேயே வைத்திருப்பார். “100 சதவீத அளவில் அச்சிடவும்” என்று ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் போட்டு, பக்கத்திலேயே சரியாக 5 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடும் வரைந்துவிடுங்கள். முதல் தாள் வந்ததும் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம்.

முன்பக்கமும் பின்பக்கமும் நகர்ந்து நகர்ந்து வருது. எப்படி சரி பண்றது?

கோப்பில் எவ்வளவு துல்லியமாக வைத்தாலும், இரண்டாவது பக்கம் அச்சாகும்போது தாள் ஓரிரு மில்லிமீட்டர் நகரும். அது இயந்திரத்தின் இயல்பு. அந்த நகர்வு தெரியாதபடி வடிவமையுங்கள். கார்டின் பின்பக்கத்தில் ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போடாதீர்கள். அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் காணாமலும் போய்விடும். ஓரம் வரை ஒரே நிறம் அல்லது ஒரே கோலம், நடுவில் சின்னம், அவ்வளவு போதும். நிறத்தை வெட்டும் கோட்டைத் தாண்டி 3 மி.மீ. நீட்டி விடுங்கள். கார்டுகள் ஒட்டி அடுக்கப்பட்டிருந்தால் தாளின் வெளி ஓரங்களுக்கு மட்டும் இது போதும்.

பின்பக்கம் கார்டுக்குக் கார்டு மாறும் என்றால் மடித்து ஒட்டும் முறைக்குப் போங்கள். ஒரு தாளின் இடப்பாதியில் முன்பக்கங்கள், வலப்பாதியில் அதற்கு நேராகப் பின்பக்கங்கள், நடுவில் மடிப்புக் கோடு. ஒரே பக்கத்தில்தான் அச்சு. மடித்து, கோந்து தடவி ஒட்டி, அதன் பிறகு வெட்ட வேண்டும். ஏ4-இல் இப்படி 4 கார்டுதான் அடங்கும், 18 கார்டுக்கு 5 தாள் ஆகும். தாள் கூடினாலும் முன்பின் பக்கங்கள் நேராக உட்காரும், கார்டும் தடிமனாகும். முடிந்தால் இரண்டு விதக் கோப்பும் கொடுங்கள். தேர்வை அச்சிடுபவரிடம் விட்டுவிடலாம்.

எந்தப் பேப்பர்ல எடுக்கச் சொல்றது? என்கிட்ட இருக்கிற பிரின்டர்ல தடி அட்டை போகாது.

சாதாரண 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளே போதும். அதை வெட்டி, ப்ளாஸ்டிக் உறையில் ஒரு பழைய சீட்டுக்கட்டின் சீட்டை வைத்து அதற்கு முன்னால் செருகினால் நல்ல கார்டு தயார். ஒரு கட்டில் ஜோக்கரோடு 54 சீட்டு. சிறிய கேம்களுக்கு அதுவே மிச்சம். பின்பக்கம் அச்சிடும் தொல்லையும் இல்லை, சீட்டின் பின்பக்கமே பின்பக்கம். ப்ளேடெஸ்ட் காலத்தில், அதாவது கேமை விளையாட வைத்துச் சோதித்துத் திருத்தும் காலத்தில், இதுதான் சிறந்த வழி. திருத்தம் வந்தால் அந்த ஒரு துண்டுத் தாளை மட்டும் மாற்றினால் போதும்.

அழகாக ஒரு பிரதி வேண்டும் என்றால் டிஜிட்டல் பிரின்ட் கடையில் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு கேளுங்கள். அங்கே 12×18 அங்குலத் தாள் வழக்கம் என்பதால் 18 கார்டும் ஒரே தாளில் அடங்கிவிடும். கார்டுகளை லேமினேட் செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை. வழுக்கும், கலைக்க வராது, விளிம்பு பிரியும். போர்டுக்கும் எழுதி அழிக்கும் தாளுக்கும் லேமினேஷன் நல்லது.

கலர்லதானே அழகு? பிளாக் அண்ட் ஒயிட்ல எதுக்கு?

அழகுதான். ஆனால் பலரிடம் இருப்பது கறுப்பு லேசர் பிரின்டர். அவர் அச்சிட்டால் உங்கள் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை பேதம் சரியாகத் தெரியாது. அவர்களுக்குக் கலர் பிரதியிலும் இதே சிக்கல்தான். நிறத்தோடு வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள்: சிவப்பு என்றால் முக்கோணம், பச்சை என்றால் வட்டம். சீட்டுக்கட்டில் ஹார்ட்டினும் டயமண்டும் ஒரே சிவப்பாக இருந்தும் யாரும் குழம்புவதில்லை. வடிவம் வேறு, அதனால்தான்.

கார்டு முழுக்கக் கறுப்புப் பின்னணி மட்டும் வேண்டாம். இங்கைக் குடித்துவிடும், மெல்லிய தாள் நெளியும், வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரியும்.

எந்த சாஃப்ட்வேர் நல்லது? தமிழ்ல டைப் பண்ணா கொம்பு தனியா, எழுத்து தனியா போயிடுது.

கார்டு குறைவு என்றால் இன்க்ஸ்கேப் அல்லது லிப்ரே ஆபிஸ். இரண்டும் இலவசம், யூனிகோடு தமிழை உடைக்காமல் காட்டும். பக்கம் பக்கமாக ரூல்புக் அமைக்க ஸ்க்ரைபஸ் இருக்கிறது, 1.6 பதிப்போ அதற்குப் பிறகு வந்ததோ வைத்துக்கொள்ளுங்கள். கார்டு நிறைய, ஒரே வடிவம், எழுத்து மட்டும் மாறுகிறது என்றால் நேன்டெக் போன்ற மென்பொருள் உதவும். விவரங்களை அட்டவணையில் வைத்துவிட்டால் கார்டுகளை அதுவே உருவாக்கிக் கொடுக்கும். ஒரு கார்டின் எண்ணை மாற்ற அட்டவணையில் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். ப்ளேடெஸ்ட் காலத்தில் இதன் அருமை தெரியும்.

கொம்பு தனியாகப் போவது எழுத்துருவின் குற்றம் அல்ல. இந்திய எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வசதி அந்த மென்பொருளில் அணைந்திருக்கிறது. அடோபி மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எந்த மென்பொருளாக இருந்தாலும் வேலை தொடங்கும் முன் “கொடுக்கும் கௌதாரி, கைப்பெட்டி” என்று அடித்து பிடிஎஃப்ஆக மாற்றிப் பாருங்கள், திரையில் மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்காதீர்கள். பின்னால் தேடவோ நகலெடுக்கவோ முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கேட்டமரான், பவனம், மீரா இனிமை ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, விற்கும் கேமிலும் தயங்காமல் போடலாம். பிடிஎஃப்பில் எழுத்துருவைப் பதித்துக் கொடுங்கள். இல்லையென்றால் கடைக் கணினியில் வேறு எழுத்து வந்து உட்கார்ந்துவிடும். இன்னொன்று, 63 மி.மீ. அகலக் கார்டில் தமிழ்ச் சொற்கள் சீக்கிரம் இடத்தை நிரப்பிவிடும். 9 புள்ளிக்குக் கீழே எழுத்தைச் சுருக்கி அடைக்காதீர்கள், வாக்கியத்தைச் சுருக்குங்கள்.

எனக்கு வரையவே வராது. ஏஐ படம் போட்டுக்கலாமா?

வரைய வராது என்பது தடையே இல்லை. கேம்-ஐகான்ஸ் தளத்தில் வாள், ஆடு, மழை, பானை என்று ஆயிரக்கணக்கான கறுப்பு வெள்ளைச் சின்னங்கள் கிடைக்கின்றன. வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், விற்கும் கேமிலும் பயன்படுத்தலாம். மேலே சொன்ன கறுப்பு வெள்ளைப் பிரதிக்கும் அவை கச்சிதம்.

ஏஐ படத்தைப் பற்றி என் கருத்து: சோதனைப் பிரதிக்குப் படமே தேவையில்லை. விற்பனைப் பிரதிக்கு ஓர் ஓவியருக்குக் கொடுக்கும் பணம் நல்ல செலவு. அப்படியும் போடுவதென்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், போட்டிக்கு அனுப்பும் முன் அதன் விதிகளைப் படியுங்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மனிதப் படைப்பு எதுவும் இல்லாத படத்தைப் பதிவு செய்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ரூல்ஸ் எழுதினா யாருக்கும் புரிய மாட்டேங்குது. நான் நேர்ல சொன்னா உடனே புரியுது. ஏன்?

நேரில் சொல்லும்போது உங்கள் கையும் சேர்ந்து பேசுகிறது. எழுத்தில் அது இல்லை. ஒரு விதியை எடுத்துப் பார்ப்போம்: “உங்கள் முறையில் இரண்டு கார்டு எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளவும்.” எழுதியவருக்கு இதில் குழப்பமே தெரியாது. படிப்பவருக்கு? கட்டிலிருந்து எடுப்பதா, மேசையில் திறந்திருப்பதிலிருந்தா? மற்றவர்களுக்குக் காட்டலாமா? வேண்டாத கார்டு எங்கே போகும்? கட்டு தீர்ந்தால்?

அதையே இப்படி எழுதலாம்: “உங்கள் முறை வந்ததும் கட்டின் மேலிருந்து 2 கார்டுகளை யாருக்கும் காட்டாமல் எடுங்கள். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிவுக் குவியலின் மேல் திறந்து வையுங்கள். கட்டில் 2 கார்டு இல்லையென்றால், எடுப்பதற்கு முன் கழிவுக் குவியலைக் கலைத்துக் கட்டின் அடியில் சேர்த்துவிடுங்கள்.” நீளம் கூடியிருக்கிறது, கேள்வி ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பொருளுக்கு ஒரே பெயரைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் நாணயம், மூன்றாம் பக்கத்தில் காசு, கார்டில் பணம் என்று இருந்தால் மூன்றும் வேறு வேறு என்றே படிப்பவர் நினைப்பார்.

வரிசை இப்படி இருக்கட்டும்: வெல்வது எப்படி, தேவையான பொருள்கள், அடுக்கி வைப்பது, ஒரு முறையில் செய்வது, ஆட்டம் முடிவது. இறுதியில் ஒரு முழுச் சுற்றைப் படத்தோடு காட்டுங்கள். பலர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

வீட்ல, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சூப்பரா இருக்குன்னு சொல்றாங்க. அப்போ ரெடிதானே?

இல்லை. அவர்கள் உங்களை நேசிக்கிறார்கள், உங்கள் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிறார்கள். அதோடு, அவர்கள் விளையாடும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். முந்தைய பதிலில் சொன்ன அந்தக் கை அங்கே வேலை பார்த்தது. இனி உங்களைத் தெரியாத ஒருவரிடம் கோப்பை மட்டும் கொடுங்கள். அவர் அச்சிட்டு, வெட்டி, ரூல்புக்கைத் தானே படித்து விளையாடட்டும். பக்கத்தில் இருக்க நேர்ந்தால் வாயைத் திறக்காதீர்கள். தவறாக விளையாடினாலும் திருத்தாதீர்கள். தவறு எங்கே தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள், விதியில் அந்த வரிதான் பழுது.

பிறகு “நல்லா இருந்துச்சா?” என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் ரூல்புக்கைத் திரும்பப் புரட்டினீர்கள்? யார் ஜெயிப்பார் என்பது எப்போது தெரிந்துவிட்டது? எந்தக் கார்டு கையில் வந்தால் சலிப்பாக இருந்தது? வெட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆனது? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. இந்த வகைக் கேமில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஊர்ல விளையாட ஆளே இல்ல. யாரோட டெஸ்ட் பண்றது?

ஒருவர் மட்டும் விளையாடும் கேமாகவே உருவாக்கிவிடுங்கள். அச்சிட்டு விளையாடுபவர்களில் தனியாக விளையாடுபவர்கள் நிறைய. அவர்களுக்கென்றே போர்டுகேம்கீக்கில் ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. போட்டிக்கு வரும் கேம்களை உருவாக்கியவர்கள் ஒருவருக்கொருவர் விளையாடிப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. நீங்கள் முதலில் மற்றவர்களின் கேமை அச்சிட்டு விளையாடி விரிவாக எழுதுங்கள், உங்கள் கேமைத் தேடி வருவார்கள். பல பேர் விளையாடும் கேம் என்றால் கணினியில் போர்டு கேம் விளையாட உதவும் டேபிள்டாப் சிமுலேட்டர், டேபிள்டோபியா போன்றவற்றில் ஏற்றி இணையத்திலேயே சோதிக்கலாம். வெட்டுவதில் வரும் சிக்கல் மட்டும் அதில் தெரியாது.

கார்டு எல்லாம் சமமா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கணக்கு எனக்கு வராது.

இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். ஒரு கார்டு: “2 பகடை உருட்டு. 9 அல்லது அதற்கு மேல் வந்தால் 3 நாணயம்.” இன்னொன்று: “1 பகடை உருட்டு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் 2 நாணயம்.” பார்த்தவுடன் முதல் கார்டுதான் கவர்ச்சி. இரண்டு பகடையில் மொத்தம் 36 வாய்ப்பு. 9 வர 4, 10 வர 3, 11 வர 2, 12 வர 1, ஆக 10. 36 முறை உருட்டினால் சராசரியாக 10 முறை 3 நாணயம், அதாவது 30. இரண்டாவது கார்டில் 36-இல் 18 முறை 2 நாணயம், அதாவது 36. கவர்ச்சியான கார்டு உண்மையில் நஷ்டம். 3-ஐ 4 ஆக்கினால் 40 ஆகிவிடும். அடிக்கடி தோற்று, வந்தால் நிறைய வரும் கார்டாக அது தன் இயல்போடு நிற்கும்.

எல்லாக் கார்டும் ஒரே பலம் இருக்க வேண்டும் என்று மட்டும் துரத்தாதீர்கள். யாரும் எப்போதும் எடுக்காத கார்டு, எல்லாரும் எப்போதும் எடுக்கும் கார்டு, இந்த இரண்டும் இல்லாமல் இருந்தால் போதும். ப்ளேடெஸ்டில் ஒவ்வொரு கார்டையும் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கோடு போட்டு எண்ணினால் இது தெரிந்துவிடும்.

அண்ணா, இணையத்துல போட்டா யாராவது திருடிட்டா? முதல்ல காப்பிரைட் வாங்கணுமா?

உங்கள் ரூல்புக்கின் எழுத்து, படம், கார்டு வடிவமைப்பு ஆகியவை உருவாக்கிய கணத்திலேயே உங்களுடையவை. இந்தியாவில் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயம் இல்லை, பதிவு செய்தால் வழக்கு வரும்போது சான்றாக உதவும். விளையாடும் முறைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பகடையை வைத்து அறையை இயக்குவது என்ற எண்ணத்தை யாரும் பயன்படுத்தலாம். காப்புரிமையும் கிடைக்காது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எம்) விளையாடும் முறையை வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது.

இது உங்களுக்கும் வசதிதான். மற்றவர்களின் முறைகளிலிருந்து நீங்களும் கற்று எடுத்துக்கொள்ளலாம், அவர்கள் எழுத்தையும் படத்தையும் கேமின் பெயரையும் எடுக்கக் கூடாது. புதியவரின் கேமுக்கு உண்மையில் நேரும் ஆபத்து திருட்டு அல்ல, யாரும் விளையாடிப் பார்க்காமல் போவது. ஒளித்து வைக்காதீர்கள்.

ஆடு புலி ஆட்டம், பல்லாங்குழி இதையெல்லாம் எடுத்து மாத்திப் பண்ணலாமா? தப்பில்லையா?

தப்பே இல்லை. அவை எல்லாருக்கும் சொந்தம். ஆடு புலி ஆட்டத்தை அச்சிடும் கேமாகப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: ஒரு தாள், வெட்டவே வேண்டாம், 3 புலிக்கும் 15 ஆட்டுக்கும் வீட்டில் கிடைக்கும் கொட்டைகள். இரண்டு பக்கமும் வேறு வேறு விதியில் விளையாடி, வேறு வேறு வழியில் ஜெயிக்கிறார்கள். கோயில் மண்டபத் தரைகளில் அந்தக் கட்டங்கள் இன்றும் செதுக்கியபடி கிடக்கின்றன. அடிப்படையாக எடுத்துக்கொள்ள அருமையான கேம்.

ஆனால் பெயரை மாற்றிப் படத்தை மாற்றினால் அது புதுக் கேம் ஆகாது. ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: புலி ஒவ்வொன்றுக்கும் தனித் திறமை இருந்தால்? ஆடுகள் நகரும் பாதை மழைக்காலத்தில் மாறினால்? அதோடு, வேறொருவர் வரைந்து வெளியிட்ட கட்டப் படத்தை அப்படியே எடுக்காதீர்கள். கேம் பொது, அவர் வரைந்த படம் பொது அல்ல.

இலவசமா போடுறதா, காசுக்கா? இலவசமா போட்டா அப்புறம் பப்ளிஷர் யாரும் எடுக்க மாட்டாங்களாமே?

முதல் கேமை இலவசமாகப் போடுங்கள் என்பேன். உங்கள் பெயரை நம்பி ஒருவர் இங்க் செலவழிக்கும் நிலை வந்த பிறகு விலை வைக்கலாம். இட்ச் தளத்தில் “விரும்பியதைக் கொடுங்கள்” என்ற முறை இருக்கிறது, பிஎன்பி ஆர்கேட் என்ற தளத்தில் அச்சிடும் கேம்கள் மட்டுமே விற்கிறார்கள்.

பப்ளிஷர் எடுக்க மாட்டார் என்பது உண்மை இல்லை. மேலே சொன்ன ‘அண்டர் ஃபாலிங் ஸ்கைஸ்’ போட்டியில் இலவசக் கோப்பாக இருந்ததுதான். செக் கேம்ஸ் எடிஷன் அதை விரிவாக்கி 2020-இல் பெட்டிக் கேமாக வெளியிட்டது. கவனிக்க வேண்டியது உரிமத்தை. மற்றவர்கள் பகிரவும் பயன்படுத்தவும் முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒருமுறை வெளியிட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது. வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் நாளை யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பை அச்சிட்டு விற்கலாம், பப்ளிஷர் தயங்குவது அதற்குத்தான். முடிவு செய்யவில்லை என்றால் “சொந்தப் பயன்பாட்டுக்கு அச்சிடலாம், விற்கக் கூடாது” என்று ஒரு வரி போட்டு உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.

கேமை வெளியிட்ட பிறகு ஒரு தப்பு கண்டுபிடிச்சேன். ஏற்கெனவே வெட்டி வெச்சிருக்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றது?

முதலில், விதியை மாற்றிக் காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள். கார்டைத் தொடாமல் ரூல்புக்கில் ஒரு வரியால் சரியாகும் என்றால் அதுவே போதும், அவர்கள் மறுபடி கத்தரிக்கோல் எடுக்க வேண்டாம். கார்டையே மாற்ற வேண்டும் என்றால் மாறிய கார்டுகளை மட்டும் தனித் தாளில் கொடுங்கள். முழுக் கோப்பையும் மறுபடி அச்சிடச் சொல்லாதீர்கள்.

இதற்கு முதல் நாளிலிருந்தே தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு கார்டின் மூலையிலும் கண்ணை உறுத்தாத சின்ன எழுத்தில் கார்டு எண்ணும் பதிப்பு எண்ணும் போட்டுவிடுங்கள்: “07 – ப.1.2” என்பது போல. கோப்பின் பெயரிலும் அதே எண். ரூல்புக்கின் கடைசிப் பக்கத்தில் எந்தப் பதிப்பில் எது மாறியது என்று இரண்டு வரி. மாறாத கார்டுகள் பழைய எண்ணோடே இருக்கட்டும். அப்போது வெட்டி வைத்திருப்பவர் தன் கட்டைப் பிரித்துப் பார்த்து 07, 12, 15 மூன்றை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைச் செருகிக்கொள்வார்.